தினமும் குக்கீயை அழிக்க வேண்டுமா?

கேட்டவருடைய நிலைமை இது. ஒரு வருடமாகத் தினமும் இரவு கணினியை அணைக்கும் முன் பிரவுசரில் உள்ள குக்கீகளை எல்லாம் அழித்துவிடுகிறார். குக்கீ என்பது வைரஸ் மாதிரி என்று அலுவலக நண்பர் சொல்லியிருக்கிறார். ஆனால் மறுநாள் காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘குக்கீகளை ஏற்கிறீர்களா?’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. எல்லா இடத்திலும் மறுபடி கடவுச்சொல், மறுபடி ஓடிபி. விளம்பரத் தொல்லை மட்டும் குறைந்தபாடில்லை. அதே கணினியில்தான் அவருடைய அப்பாவும் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கிறார். குக்கீகளை ஏற்பதா, மறுப்பதா, அழிப்பதா என்பது கேள்வி.

ஐயா, நீங்கள் செய்வதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் கொசு வரும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, விடிய விடிய அடித்துக்கொண்டிருப்பது போன்ற வேலை அது. மூட வேண்டிய ஜன்னல் ஒன்றுதான். அது எது என்று தெரிய, குக்கீ என்றால் என்ன என்பதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடலாம்.

பெரிய கோயில்களின் வாசலில் செருப்பு விடும் இடம் இருக்கும். செருப்பைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். அதில் 214 என்று ஓர் எண் மட்டும் இருக்கும். உங்கள் பெயரோ ஊரோ இருக்காது. செருப்பு உள்ளே 214-ஆம் தட்டில் கிடக்கிறது. திரும்பி வந்து டோக்கனை நீட்டினால், அந்த ஆள் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் செருப்பை எடுத்துத் தள்ளுவார். அத்தனை கூட்டத்தில் உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இணையத்தளமும் அந்த ஆளைப் போலத்தான். பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறைக்கு ஞாபகம் என்பதே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும், அத்தோடு மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, சற்று முன் கடவுச்சொல் கொடுத்த அதே ஆள்தானா இவர் என்று அதற்குத் தெரியாது. 1994-இல் பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி என்பவர்தான் இதற்கு வழி கண்டார். இணையக் கடையில் வாங்குகிறவர் கூடையில் போட்ட பொருள், பக்கம் மாறியதும் காணாமல் போகாமல் இருக்க வேண்டும் என்பது அப்போதைய தேவை. தளம் ஒரு சிறு எழுத்துத் துண்டைப் பிரவுசரிடம் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரப்படுத்தி, அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டும். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் உலகில் நிரல்கள் கைமாற்றிக்கொள்ளும் அடையாளத் துண்டுக்கு ‘மேஜிக் குக்கீ’ என்ற பெயர் முன்பே இருந்தது. இதற்கும் அதையே சுருக்கி வைத்துவிட்டார்கள். பிஸ்கட்டுக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் இல்லை.

வைரஸ் என்ற பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். குக்கீ வெறும் எழுத்து. தானாக ஓடாது, எதையும் நிறுவாது, உங்கள் கோப்புகளைத் திறந்து படிக்காது. ஒரு குக்கீயின் அளவு ஏறத்தாழ 4 கிலோபைட்டைத் தாண்டாது. ஆகவே இதை அழித்தால் கணினி வேகமாகும், இடம் காலியாகும் என்பதும் இல்லை. இடத்தைப் பிடிப்பது கேஷ். அது தளங்களின் படங்களையும் கோப்புகளையும் சேர்த்து வைக்கும் கிடங்கு. அழிக்கும் பெட்டியில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருப்பதால், பலரும் ஒன்றை நினைத்து இரண்டையும் டிக் செய்துவிடுகிறார்கள்.

சொன்னால் மட்டும் போதாது, கண்ணால் பாருங்கள். குரோமில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். திரையின் ஓரத்தில் ஒரு பட்டறை திறக்கும். அதில் ‘அப்ளிகேஷன்’ என்ற தலைப்புக்குள் போனால் இடப்பக்கம் ‘குக்கீஸ்’ என்று இருக்கும். அதைத் தொட்டால் அந்தத் தளம் உங்கள் கணினியில் வைத்திருக்கும் டோக்கன்கள் அனைத்தும் அட்டவணையாக வரும்: பெயர், மதிப்பு, எந்தத் தளத்துடையது, எப்போது காலாவதி, எத்தனை பைட்.

அநேகமாக அதில் கீழ்க்கோட்டுடன் ‘ஜிஏ’ (_ga) என்ற பெயரில் ஒன்று இருக்கும். வருகையாளர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் வைப்பது அது. அதன் மதிப்பில் புள்ளி வைத்துப் பிரித்த எண்கள் இருக்கும். கடைசி இரண்டை மட்டும் பாருங்கள். கடைசிக்கு முந்தையது உங்கள் பிரவுசருக்குக் குருட்டுவாக்கில் கொடுக்கப்பட்ட எண், அதாவது நம் 214. கடைசியாக இருப்பது இந்தக் குக்கீ வைக்கப்பட்ட நேரம், அதாவது கடைசியாக அழித்த பிறகு நீங்கள் அந்தத் தளத்துக்கு முதன்முதலில் வந்த நேரம். 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி என்று எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில் 1700000000 என்று இருந்தால், 2023 நவம்பர் 15 அதிகாலை 3 மணி 43 நிமிடத்துக்கு நம் ஊர் நேரப்படி நீங்கள் அங்கே முதல் தடவை போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தூங்காமல் என்ன செய்தோம் என்று நமக்கே நினைவிருக்காது, அதற்கு இருக்கிறது. இந்தக் குக்கீ 2 வருடம் இருக்க அனுமதி கேட்கும். 2022-இலிருந்து குரோம் எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் கொடுப்பதில்லை.

அட்டவணையில் சில குக்கீகளுக்குக் காலாவதித் தேதியே இருக்காது. ‘செஷன்’ என்று மட்டும் போட்டிருக்கும். பிரவுசரை மூடியதும் மறைய வேண்டியவை அவை. ‘மறைகின்றன’ என்று எழுதாமல் ‘மறைய வேண்டியவை’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் போன கோயிலின் வாசலில் கொடுத்த டோக்கன், அங்கே மட்டும் செல்லும். இப்போது இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். பழனி, சமயபுரம், திருச்செந்தூர் என்று எல்லாக் கோயில் வாசலிலும் செருப்புக் கடையை ஒரே காண்டிராக்டர் எடுத்துவிடுகிறார். எங்கே போனாலும் அதே 214-ஐக் காட்டச் சொல்கிறார். உங்கள் பெயர் அவருக்கு இன்னமும் தெரியாது. ஆனால் 214 செவ்வாய்க்கிழமை எங்கே போனார், வெள்ளிக்கிழமை எங்கே போனார் என்று அவருடைய நோட்டில் வரி வரியாக ஏறிக்கொண்டே போகிறது. மாலைக் கடைக்காரரிடம் போய், ‘214 வருகிறார், முருக பக்தர், தயாராக இருங்கள்’ என்று சொல்லி அதற்குக் காசு வாங்குகிறார்.

மூன்றாம் தரப்புக் குக்கீ என்பது இதுதான். நீங்கள் செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். அதன் பக்கத்துக்குள் விளம்பரம் ஒன்று வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. வரும்போதே அந்த நிறுவனமும் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அடுத்து சமையல் தளத்துக்குப் போனால் அங்கேயும் அதே நிறுவனத்தின் விளம்பரம், அதே டோக்கன். ஒரு தளத்தில் பார்த்த மிக்ஸி பத்து நாள் உங்கள் பின்னாலேயே வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இது யாரும் எதிர்பாராத விபத்து என்று நினைத்துவிடாதீர்கள். குக்கீக்கு 1997-இல் எழுதப்பட்ட முதல் தரநிலை ஆவணத்திலேயே, இப்படி மூன்றாம் ஆள் குக்கீ வைப்பதை பிரவுசர்கள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று இருந்தது. பிரவுசர் நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆப்பிளின் சஃபாரி இவற்றை முழுதாகத் தடுத்தது 2020 மார்ச்சில். ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல் தெரிந்த உளவுக் குக்கீகளைத் தடுக்கத் தொடங்கி, 2022-இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி ஜாடி என்ற முறைக்கு வந்தது. அதே காண்டிராக்டர்தான், ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் வேறு வேறு எண், வேறு வேறு நோட்டு. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க முடியாது. கூகுள் மட்டும் 2020 ஜனவரியில், இரண்டே வருடத்தில் குரோமிலிருந்து இவற்றை நீக்கிவிடுவோம் என்று அறிவித்தது. பிறகு தள்ளிவைத்தது, மறுபடி தள்ளிவைத்தது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் தயாரிக்கும் பிரவுசரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும் என்பது என் எண்ணம். குரோமில் இந்த ஜன்னலை நீங்களேதான் எழுந்து போய் மூட வேண்டும்.

மூட ஒரு நிமிடம் ஆகும். வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளி, அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், மூன்றாம் தரப்புக் குக்கீகள். அங்கே ‘தடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொபைல் குரோமில் ‘தள அமைப்புகள்’ என்பதற்குள் இருக்கும். ஐபோனில் சஃபாரி அமைப்புகளில், தளம் விட்டுத் தளம் பின்தொடர்வதைத் தடுக்கும் சுவிட்ச் ஏற்கெனவே போட்டபடிதான் வரும். யாராவது அணைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். சஃபாரியில் ‘எல்லாக் குக்கீகளையும் தடு’ என்று இன்னொரு சுவிட்ச் உண்டு. அதைத் தொட வேண்டாம். டோக்கன் வாங்க மாட்டேன், ஆனால் செருப்பை வைத்துக்கொள் என்று சொல்வதற்குச் சமம். எந்தத் தளத்திலும் உள்ளே நுழையவே முடியாது.

மூன்றாம் தரப்பைத் தடுத்த பிறகு நூற்றில் ஒன்றிரண்டு இடத்தில் ஏதாவது முரண்டு பிடிக்கலாம். ஒரு தளத்துக்குள் இன்னொரு தளத்தின் கட்டணப் பெட்டி திறக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் இது நடக்கும். அதே அமைப்புப் பக்கத்தில் விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. அந்த ஒரு தளத்தின் பெயரை மட்டும் அதில் சேர்த்துவிட்டால் போதும். அதற்காக மொத்தத் தடையையும் எடுத்துவிடாதீர்கள்.

இதோடு எல்லாக் கண்காணிப்பும் நின்றுவிடும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். திரையின் அளவு, எழுத்துருக்கள், கணினியின் நேர மண்டலம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்து, டோக்கன் இல்லாமலே ஆளை அடையாளம் காணும் ‘கைரேகை’ முறையும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அதற்கு ஓரளவு முட்டுக்கட்டை போடுகின்றன. ஆனால் குக்கீ அமைப்பால் செய்யக்கூடியதில் பெரும்பங்கு மேலே சொன்ன அந்த ஒரே சுவிட்ச்தான். நீங்கள் தினமும் அழித்தும் விளம்பரம் குறையாததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். காலையில் முதல் செய்தித் தளத்தைத் திறந்ததுமே காண்டிராக்டர் புது எண்ணைக் கொடுத்துப் புது நோட்டைத் திறந்துவிடுகிறார்.

காலையில் வந்து நிற்கும் அந்தப் பெட்டிக்கும் நீங்களே காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? நீங்கள் ‘மறுக்கிறேன்’ என்று அழுத்தியதைத் தளம் நினைவு வைத்துக்கொள்வதும் ஒரு குக்கீயில்தான். இரவில் அதையும் சேர்த்து அழித்துவிடுகிறீர்கள். காலையில் அது உங்களைப் புது ஆளாகப் பார்த்து, முதலிலிருந்து கேட்கிறது.

பெட்டி வந்தது ஐரோப்பியச் சட்டத்தால். பயனருடைய கணினியில் எதையாவது வைக்கும் முன் அவருடைய ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்று 2009-இல் அங்கே விதி வந்தது. 2018-இல் அமலுக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் என்பதன் பொருளை இறுக்கியது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்க ஒரே அழுத்து, மறுக்கப் பல அழுத்து என்று வைத்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான ஒப்புதலைக் கேட்கிறது. உலகம் முழுக்க வாசகர்களை வைத்திருக்கும் தளங்கள் எல்லோருக்கும் ஒரே பெட்டியைக் காட்டிவிடுகின்றன. அதனால்தான் நமக்கும் வருகிறது.

பெட்டியில் மறுப்பு பொத்தான் இருந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். உள்நுழைவு, கூடை போன்ற அத்தியாவசியக் குக்கீகளுக்கு ஐரோப்பிய விதிப்படியே ஒப்புதல் தேவையில்லை. நீங்கள் மறுத்தாலும் அவை வேலை செய்யும். மறுப்பைக் காட்டாமல் நாலு திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் நான் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டுப் போய்விடுவேன். மூன்றாம் தரப்பை பிரவுசரிலேயே தடுத்துவிட்டால், அந்த ‘ஏற்கிறேன்’ பாதிக்கு மேல் வெற்றுச் சொல்தான்.

இனி, அப்பாவின் கணக்கு. விளம்பரத்தைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம், காரணம் நானே ஒரு முறை இதில் அகப்பட்டிருக்கிறேன். பல வருடங்களாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஒரு நாள் மாலை ஒரு பெண் வந்து தேர்வு விண்ணப்பம் ஒன்றைப் பாதி நிரப்பிவிட்டு, சான்றிதழ் கொண்டுவரவில்லை என்று எழுந்து போனார். நான் பிரவுசரை மூடி, கணினியையும் அணைத்துவிட்டுத்தான் போனேன். மறுநாள் காலை முதல் வாடிக்கையாளருக்காக அதே கணினியைத் திறந்தால், அந்தப் பெண்ணின் புகைப்படமும் பிறந்த தேதியும் முகவரியும் திரை நிறைய நிற்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ‘அட, இது எங்கள் தெருப் பெண்ணாயிற்றே’ என்றார். எனக்கு வியர்த்துவிட்டது.

அது செஷன் குக்கீ. மூடியதும் மறைந்திருக்க வேண்டியது. ஆனால் குரோமைத் திறக்கும்போது ‘விட்ட இடத்திலிருந்து தொடர்க’ என்ற அமைப்பை யாரோ போட்டு வைத்திருந்தார்கள். அது இருந்தால் பழைய பக்கங்களோடு செஷன் குக்கீகளும் உயிரோடு திரும்பி வரும். ஓர் இரவு முழுக்க யாரும் தொடாத கணக்கை அந்தத் தளம் தானாகவே மூடியிருக்க வேண்டும், அதுவும் மூடவில்லை. அன்றிலிருந்து சென்டரில் எல்லாக் கணினியிலும் கெஸ்ட் சாளரம்தான், அதாவது மூடியதும் குக்கீகளை அழித்துவிடும் விருந்தினர் சாளரம். ஒருவர் எழுந்ததும் எல்லா கெஸ்ட் சாளரங்களையும் மூடுகிறேன். ஒன்று திறந்திருந்தாலும் குக்கீகள் அப்படியே இருக்கும் என்பதால் ‘எல்லா’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மறைவு நிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்துக்கும் இதே கதைதான்.

இங்கே அழிப்பதற்கும் வெளியேறுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குக்கீயை அழிப்பது டோக்கனைத் தெப்பக்குளத்தில் எறிவது. உள்ளே 214-ஆம் தட்டில் செருப்பு அப்படியே இருக்கும். அந்த எண்ணை வேறு யாராவது முன்பே நகல் எடுத்திருந்தால் அவர் இன்னமும் போய் வாங்கலாம். ‘வெளியேறு’ என்று அழுத்துவது செருப்பை வாங்கிக்கொண்டு தட்டைக் காலி செய்வது. அதன் பிறகு அந்த எண்ணை யார் நீட்டினாலும் பயன் இருக்காது. தளம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். உங்கள் அப்பா வங்கிப் பக்கத்தை மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடாமல், ‘வெளியேறு’ அழுத்தி மூடுகிறாரா என்று பாருங்கள். நீங்கள் இரவில் அழிப்பதைவிட அது பெரிய காவல்.

நகல் எடுப்பது என்றதும் மிகையாகத் தோன்றலாம். 2010-இல் ஃபயர்ஷீப் என்று ஒரு சிறு நீட்சி, அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல், வந்தது. பொது வைஃபையில் உட்கார்ந்திருப்பவர்களின் ஃபேஸ்புக் குக்கீகளைக் காற்றிலிருந்து பிடித்து, ஒரே அழுத்தில் அவர்களாகவே உள்ளே போக வைத்தது. அந்த ஓட்டையைக் காட்டவே அதை எழுதினார்கள். அதன் பிறகு பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக முழுப் பக்கத்தையும், வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் பூட்டுக்குள் கொண்டுவந்தன. இன்று திருட்டு நடக்கும் இடம் வேறு. கிராக் செய்த மென்பொருள், ஊர் பேர் தெரியாத பிரவுசர் நீட்சி ஆகியவற்றோடு வரும் திருட்டு நிரல்கள் கணினியில் உள்ள குக்கீகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் கைமாறியதும் இப்படி ஒரு திருட்டு நிரல் குக்கீயைத் திருடியதால்தான். கடவுச்சொல்லும் ஓடிபியும் கொடுத்து முடித்த பிறகு கிடைக்கும் டோக்கன் அது என்பதால், அதைத் திருடியவரிடம் யாரும் மறுபடி ஓடிபி கேட்பதில்லை. அப்படிச் சந்தேகம் வந்தால் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். கூடவே கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கையிலுள்ள கணினியில் குக்கீயை அழிப்பது மட்டும் அப்போது உதவாது.

ஆக, இன்று இரவு அழிக்க வேண்டாம். ஒரு தளம் மட்டும் கோளாறு செய்தால் (உள்ளே விடாமல் சுற்றிச் சுற்றி அதே பக்கத்துக்கே வந்தால்), முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொட்டு, அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் நீக்குங்கள். மற்ற எல்லாம் இருக்கட்டும்.

அப்பாவுக்காக ஒரு வேலை மட்டும் செய்து கொடுங்கள். குரோமின் வலது மேல்மூலையில் உங்கள் படமோ முதல் எழுத்தோ ஒரு வட்டத்துக்குள் இருக்கும். அதைத் தொட்டு அப்பா பெயரில் தனி சுயவிவரம் ஒன்றைச் சேருங்கள்; கூகுள் கணக்கு இல்லாமலும் சேர்க்கலாம். அதற்குத் தனி ஜன்னல், தனி நிறம், தனிக் குக்கீகள். உங்கள் நீட்சிகள் எதுவும் அந்தப் பக்கம் வராது. டெஸ்க்டாப்பில் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்து, ‘அப்பா, வங்கிக்கு மட்டும் இந்தப் பச்சை ஜன்னல்’ என்று சொல்லிக் கொடுங்கள். அதில் மூன்றாம் தரப்புத் தடையை மறுபடி ஒருமுறை போட வேண்டும், ஏனென்றால் உங்கள் அமைப்பு அதற்குத் தானாகப் போகாது.